இரண்டு பிள்ளைக்கும் ஆட்டிசம்: எந்தக் காகிதம் முதலில், எந்தச் செலவு எப்போது

என் மூத்தவனுக்கு இப்போது 11 வயது, இளையவளுக்கு 7. இருவருக்கும் ஆட்டிசம். அவனுக்கு மூன்றரை வயதில் தெரிந்துவிட்டது, அவளுக்கு ஐந்து தாண்டித்தான் தெரிந்தது. அந்தத் தாமதம் இன்னும் என்னை அறுக்கிறது. ஒரு பிள்ளை என்றால் எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் என்றதும் "ஐயோ பாவமே" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. நான் அலைந்து, ஒரே வேலையை மூன்று முறை செய்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. மத்திய அரசுத் திட்டங்கள் மற்ற மாநிலத்தவருக்கும் பொருந்தும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் இரண்டு பிள்ளைகளையும் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அலைய வேண்டிய நாளை மட்டும் முடிந்தவரை ஒன்றாக்குங்கள். நான் முதலில் இதைத் தலைகீழாகச் செய்தேன்.

1. அடுத்த பிள்ளையைக் காத்திருக்க வைக்காதீர்கள்

மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் என்றால் இளைய பிள்ளைக்கும் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று என்று பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. ஐந்தில் நாலு பேருக்கு இருக்காது என்பதும் அதே கணக்குதான். அதனால் பயப்படச் சொல்லவில்லை, பார்க்கத்தான் சொல்கிறேன். 16 மாதம் முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு எம்-சாட் என்று 20 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது, குழந்தை மருத்துவரே உட்கார்ந்து கேட்டுவிடலாம். அதில் மதிப்பெண் கூடினால் ஆட்டிசம் என்று முடிவாகிவிடாது, அடுத்த கட்டப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். காது கேட்கும் பரிசோதனையையும் அப்போதே முடித்துவிடுங்கள், எங்கே போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

நான் விழுந்த குழியைச் சொல்கிறேன். மூத்தவன் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை. அவள் கூப்பிட்டால் திரும்புவாள், டிவி விளம்பரத்தை வரி விடாமல் ஒப்பிப்பாள். அண்ணன் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்த்தால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவளுக்குத் தாகம் எடுத்தால் என்னிடம் வந்து "தண்ணி வேணுமா கண்ணு?" என்பாள், நான் அவளிடம் கேட்கும் அதே குரலில், கடைசியில் அதே இழுப்போடு. அதைக் கேட்டு நான் பூரித்துப்போனேன். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது ஒரு அறிகுறி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் ஆட்டிசத்தை அளவுகோலாக வைத்து இன்னொரு பிள்ளையை அளக்காதீர்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகளை.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையம் இருக்கும். டிஇஐசி என்று கேட்டால் வழி காட்டுவார்கள். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்க்கிறார்கள், கட்டணம் கிடையாது. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் நிப்மெட் என்ற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. அங்கே மதிப்பீடு, தெரபி, சிறப்புக் கல்வி எல்லாம் ஒரே வளாகத்தில் நடக்கும்.

இரண்டு பேருக்கும் உறுதியான பிறகு மரபணு ஆலோசனை ஒருமுறை கேளுங்கள். ஃப்ராஜைல் எக்ஸ், மைக்ரோ அரே என்று பரிசோதனைகளைச் சொல்வார்கள். இன்னொரு குழந்தையை யோசிப்பவர்களுக்கு இது முக்கியம். பரிசோதனை செய்த எல்லோருக்கும் காரணம் கிடைத்துவிடாது, கிடைத்தாலும் தெரபி பெரும்பாலும் மாறாது, அதனால் வட்டிக்கு வாங்கிச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து.

2. இரண்டு ஃபைல், இரண்டு நிறம்

இதற்கு ஆகும் செலவு நூறு ரூபாய்தான், ஆனால் இதைச் செய்யாமல் எனக்கு ஐந்து மாதம் போனது. இருவரின் விண்ணப்பத்தையும் ஒரே நாளில் கொடுத்தேன், இரண்டு பேருக்கும் அப்பா பெயர், முகவரி, செல்போன் எண் எல்லாம் ஒன்றே. கவுண்டரில் இருந்தவர் ஒரே வீடுதானே என்று இரண்டு கட்டையும் சேர்த்துப் பின் அடித்துவிட்டார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பிறகு வந்த காகிதத்தில் மகன் பெயருக்கு மகளின் பிறந்த தேதி ஏறியிருந்தது. அதைத் திருத்த மறுபடி மனு, மறுபடி நடை, ஒவ்வொரு முறையும் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவது.

ஆகவே மகனுக்கு நீல ஃபைல், மகளுக்குச் சிவப்பு ஃபைல் என்று பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டியவை: பிறப்புச் சான்று, ஆதார், பாஸ்போர்ட் அளவுப் போட்டோ 10, குடும்ப அட்டை ஜெராக்ஸ், வருமானச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், மருத்துவ அறிக்கைகள் தேதி வரிசையில். எல்லாவற்றிலும் ஐந்து ஐந்து ஜெராக்ஸ். ஜெராக்ஸின் பின்பக்கம் பிள்ளையின் பெயரைப் பென்சிலில் எழுதிவிடுங்கள், தாள்கள் கலந்துவிட்டாலும் பிரித்துவிடலாம். முடிந்தால் ஒரு பிள்ளைக்கு உங்கள் எண்ணையும் மற்றதற்கு அப்பாவின் எண்ணையும் கொடுங்கள். ஆதாரில், பிறப்புச் சான்றில், குடும்ப அட்டையில் பெயரின் எழுத்தும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துத் திருத்துங்கள். அப்புறம் திருத்தினால் மாற்றுத்திறனாளி கார்டு, வங்கி, காப்பீடு எல்லாவற்றிலும் திருத்த வேண்டியிருக்கும்.

வங்கிக் கணக்கும் தனித்தனியாகத்தான். பிள்ளை பெயரில், தாயைக் காப்பாளராகப் போட்டு, இருவருக்கும் ஒவ்வொன்று.

3. மாற்றுத்திறனாளி சான்றும் யுடிஐடி கார்டும்

யுடிஐடி என்பது மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை. இனி வரும் அநேகமாக எல்லாவற்றுக்கும் இதுதான் சாவி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் தனிக் குறைபாடாகவே இருக்கிறது. சலுகைகளுக்கு 40 சதவீதமும் அதற்கு மேலும் வேண்டும். விண்ணப்பத்தை ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் நீங்களே போடலாம், அல்லது இ-சேவை மையத்தில் போடச் சொல்லலாம். சந்தேகம் என்றால் கலெக்டர் அலுவலக வளாகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில், மருத்துவர்கள் பிள்ளையை மதிப்பிடும் முகாமின் தேதியோடு கேட்டுவாருங்கள். கார்டின் நிறத்தைப் பார்த்தே சதவீதம் தெரியும். 40க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம்.

மதிப்பீட்டில் ஐசா என்ற இந்திய அளவுகோலைப் பயன்படுத்துவார்கள். 40 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். பிள்ளையைக் கவனிப்பார்கள், உங்களையும் கேட்பார்கள். தாய்மார்கள் பலரும் தவறுவது இங்கேதான். "தானே சாப்பிடுவானா?" என்றால் நமக்குப் பெருமை, "சாப்பிடுவான் சார்" என்று சொல்லிவிடுகிறோம். தட்டை வைத்து, பிசைந்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாய்க்கும் நினைவுபடுத்தினால்தான் சாப்பிடுவான் என்பதைச் சொல்ல விட்டுவிடுகிறோம். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டில் எப்படிப் போகும் என்பதைச் சொல்லுங்கள். முந்தைய ஒரு வாரம் இரு பிள்ளைகளுக்கும் தனித்தனி நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு போனால் மறக்காது. எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை முறை வாசலுக்கு ஓடினான், எதற்கு அழுதாள் என்று எழுதினால் போதும். இரண்டு நிமிட வீடியோ ஒன்றும் போனில் இருக்கட்டும், புது இடத்தில் பிள்ளைகள் சில நேரம் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள்.

நாளைச் சேர்ப்பது பற்றி: இருவருக்கும் ஒரே முகாம் தேதி கேட்டு வாங்குங்கள், ஆனால் கூட ஒரு பெரியவர் வந்தால் மட்டும். எங்கள் முதல் முகாமுக்கு நான் தனியாகப் போனேன். டோக்கன் எண்ணை மைக்கில் கூப்பிடக் கூப்பிட அவன் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டான். அவள் மின்விசிறியைப் பார்த்தபடியே நடந்து படிக்கட்டு வரை போய்விட்டாள். இரண்டு பக்கமும் ஓடியதில் டோக்கன் தாண்டிப்போனது. ஆள் இல்லையென்றால் இரண்டு தேதியாக வாங்கிக்கொள்வதே நல்லது. காதை மூடும் ஹெட்போன், தெரிந்த பிஸ்கட், மாற்று உடை, தண்ணீர் கட்டாயம். போனதும் கவுண்டரில் "ஆட்டிசம் பிள்ளைகள், வரிசையில் நிற்க முடியாது" என்று நேராகச் சொல்லுங்கள். பெரும்பாலும் முன்னால் விடுவார்கள். நாம் கேட்டால்தான் விடுவார்கள்.

சின்ன வயதில் கொடுக்கும் சான்றுக்குப் பெரும்பாலும் முடியும் தேதி இருக்கும். கையில் வாங்கியதும் அந்தத் தேதியைப் பாருங்கள், மூன்று மாதம் முன்பே போனில் நினைவூட்டல் வையுங்கள், இருவருக்கும் தேதி வேறு வேறாக இருக்கும். காலாவதியான சான்றை வைத்து எந்தச் சலுகைக்குப் போனாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

4. மாத உதவித்தொகை

தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். சான்றில் என்ன குறைபாடு, எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் தகுதி முடிவாகும். ஆட்டிசத்தோடு அறிவுசார் குறைபாடும் இருந்து, அது சான்றில் ஏறாமல் விட்டுப்போயிருந்தால் மருத்துவரிடம் அப்போதே கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில்.

"ஒரு வீட்டுக்கு ஒன்றுதான்மா" என்று யாராவது வாய்வார்த்தையாகச் சொன்னால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். தகுதி பிள்ளைக்குத்தான், வீட்டுக்கு இல்லை. இரண்டு விண்ணப்பமும் கொடுங்கள், இரண்டுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், மறுப்பதானால் எழுத்தில் கேளுங்கள். இழுத்தடித்தால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். அந்த மனுவுக்கும் எண் போட்டுக் கொடுப்பார்கள், அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

5. நிராமயா காப்பீடு

மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இது, நேஷனல் டிரஸ்ட் என்றால் எல்லோருக்கும் புரியும். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. இரண்டு பிள்ளை என்றால் இரண்டு தனி லட்சம், ஒன்றை இரண்டாகப் பங்கிட வேண்டியதில்லை. சேரும்போது மருத்துவப் பரிசோதனை கிடையாது, ஏற்கெனவே ஆட்டிசம் இருக்கிறதே என்று தள்ளமாட்டார்கள். நான் சேர்த்தபோது கட்டணம் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 250, மற்றவர்களுக்கு 500 ரூபாய், புதுப்பிக்க அதைவிடக் குறைவு. புறநோயாளியாகப் பார்ப்பது, தெரபி இவற்றுக்கும் பணம் உண்டு என்பதுதான் இதன் பெரிய பலன், சாதாரண மெடிக்ளெய்மில் இது கிடைப்பது அரிது. அந்த ஒரு லட்சத்துக்குள் தெரபிக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு என்று உள்வரம்பு உண்டு, அதைப் படித்துவிட்டு பில் வாங்குங்கள்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. காப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஜனவரியில் சேர்ந்தால் முழு வருடம் கிடைக்காது, அதனால் மார்ச்சிலேயே தயாராகி ஏப்ரலில் சேருங்கள். அடுத்தது, பணம் நாம் கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டும். தெரபி சென்டரில் ஒரே பில்லில் இரு பெயரையும் போட்டுத் தருவார்கள், அது செல்லாமல் போய்விடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி பில், சீல், கையெழுத்து, தேதி. பில்லைச் சேர்த்து வைக்காமல் அந்தந்த மாதமே அனுப்பிவிடுங்கள்.

6. தெரபி: பணமும் நேரமும்

எங்கள் ஊரில் தனியார் சென்டரில் 45 நிமிட செஷனுக்கு 500 ரூபாய். ஒரு பிள்ளைக்கு வாரம் மூன்று என்றாலே இருவருக்கும் மாதம் 12,000. ஆட்டோ தனி. என் தாலியில் இருந்த காசுகூட ஒரு கட்டத்தில் அடகுக்குப் போனது. அதன் பிறகுதான் யோசித்து மாற்றினோம், அப்படி மாற்றியதை முதலிலேயே செய்திருக்கலாம்.

முதலில் இலவச இடங்களை நிரப்புங்கள். டிஇஐசியில் ஸ்பீச் தெரபியும், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியும் கிடைக்கும். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் ஸ்பெஷல் எஜுகேட்டர் இருக்கிறார்கள். அங்கே கிடைக்காததற்கு மட்டும் தனியாருக்குப் போங்கள். அப்புறம், இருவருக்கும் அடுத்தடுத்த நேரம் கேளுங்கள், 4 மணிக்கு ஒருவர், 4.45க்கு இன்னொருவர் என்று. "இரண்டு பேரையும் ஒரே ரூமில் சேர்த்து எடுத்துவிடலாம், பாதிப் பணம் போதும்" என்று சென்டரே சொல்லும். என் பிள்ளைகளுக்கு அது ஒத்துவரவில்லை, அவள் சத்தம் போட்டே தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்பவள், அவனுக்குச் சத்தமே ஆகாது. 45 நிமிடமும் அவன் கதவையே பார்த்துக்கொண்டு இருந்தான்.

தெரபிஸ்டிடம் கடைசி பத்து நிமிடத்தை உங்களுக்குச் சொல்லித்தரக் கேளுங்கள். வாரத்தில் மூன்று செஷன் போக மீதி நேரமெல்லாம் பிள்ளை நம் கையில்தான் இருக்கிறது. பல் தேய்ப்பதைப் படமாக ஒட்டி வைத்து ஒவ்வொரு படியாகச் சொல்லித்தருவதை நான் அப்படித்தான் கற்றேன், மகனுக்கு நாலு மாதம் பிடித்தது, மகள் அவனைப் பார்த்தே இரண்டு வாரத்தில் செய்துவிட்டாள்.

"முழுதாகக் குணமாகும்" என்று சொல்லும் எவருக்கும் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். இரண்டு பிள்ளை என்று தெரிந்ததும் "பேக்கேஜ்" பேசுவார்கள். ஸ்டெம் செல் என்று லட்சக்கணக்கில் கேட்டார்கள் எங்களிடம். ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சையைத் தேசிய மருத்துவ ஆணையம் பரிந்துரைக்கவில்லை. நிலத்தை விற்றுக் கொடுத்த குடும்பத்தை எனக்குத் தெரியும்.

7. பள்ளி

ஆட்டிசம் என்று சொல்லிச் சேர்க்க மறுக்கப் பள்ளிக்கு உரிமை இல்லை. 6 முதல் 18 வயது வரை, 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைக்கு அருகிலிருக்கும் அரசுப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி சட்டப்படி உண்டு. பள்ளிக்கே போக முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் ஏற்பாடு வட்டார வள மையம் வழியாக இருக்கிறது.

இருவரையும் ஒரே பள்ளியில் போடத்தான் எல்லாத் தாயும் நினைப்போம். நானும் போட்டேன். என்ன ஆனது என்றால், அவளுக்கு என்ன நடந்தாலும் "அண்ணன் மாதிரியே" என்று எழுதிவிடுவார்கள், அவன் வகுப்பில் அழுதால் அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். இப்போது அவன் சிறப்புப் பள்ளி, அவள் அரசுத் தொடக்கப் பள்ளி. காலையில் இரண்டு திசையிலும் ஓட வேண்டியிருக்கிறது, ஆனாலும் மாற்றியதில் எனக்கு வருத்தமில்லை.

8. வேலையில் இருப்பவர்களும் வரி கட்டுபவர்களும்

வருமான வரியில் 80டிடி என்று எல்லோரும் சொல்லும் கழிவு பழைய வரிமுறையில் மட்டும். சார்ந்திருக்கும் பிள்ளைக்கு 40 சதவீதம் முதல் 75,000 ரூபாய், 80 சதவீதம் முதல் 1,25,000. ஆட்டிசத்துக்கென்று தனி மருத்துவப் படிவம் உண்டு, யுடிஐடி கார்டை மட்டும் நீட்டினால் போதாது. இரு பெற்றோரும் சம்பாதிப்பவர்கள் என்றால் யார் எந்தப் பிள்ளைக்குக் காட்டுவது என்று ஆடிட்டரோடு மார்ச்சுக்கு முன்பே பேசுங்கள்.

மத்திய அரசு ஊழியரான தாய்க்குப் பிள்ளை பராமரிப்பு விடுப்பு மொத்தம் 730 நாள். மாற்றுத்திறன் பிள்ளை என்றால் அதற்கு 18 வயது வரம்பு கிடையாது. வழக்கமான இடமாறுதலிலிருந்து விலக்கும் கேட்கலாம். அரசுப் பணியில் இருப்பவர்கள் பணி ஓய்வுக்கு முன்பே இரு பிள்ளைகளின் குறைபாட்டையும் ஓய்வூதியக் காகிதங்களில் ஏற்றிவிடுங்கள். பிள்ளைகளுக்கு வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் வாங்க அது உதவும்.

9. 18 வயதை ஒட்டிச் செய்ய வேண்டியது

18 ஆனதும் சட்டத்தின் கண்ணில் நாம் காப்பாளர் இல்லை. வங்கியில், மருத்துவமனைக் கையெழுத்தில், சொத்தில் இது வந்து நிற்கும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட அளவிலான குழுவிடம் சட்டக் காப்பாளராக நியமிக்கச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும், கலெக்டர்தான் தலைவர். நீதிமன்றம் போக வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி விண்ணப்பம், நாலு வருட இடைவெளியில் பிறந்தால் நாலு வருட இடைவெளியில் இரண்டு முறை. பிள்ளையின் பெயரில் சொத்து இருந்தால், நியமனமான ஆறு மாதத்துக்குள் பட்டியல் கொடுக்க வேண்டும், பிறகு ஆண்டுதோறும் கணக்கு.

மற்ற வீடுகளில் "தம்பி பார்த்துக்கொள்வான்", "அக்கா இருக்கிறாள்" என்பார்கள். நம் வீட்டில் அந்த வார்த்தை இல்லை. அதனால் நமக்குப் பின் யார் என்ற பேச்சை நாம் மற்றவர்களைவிட முன்னால் தொடங்க வேண்டும். நான் என் சித்தி மகளிடம் பேசியிருக்கிறேன், அவள் யோசிக்க ஒரு வருடம் கேட்டாள், கொடுத்தேன். உயில் எழுதும்போது காப்பாளர் ஏற்பாடு இல்லாமல் நேராகப் பிள்ளைகள் பெயருக்கு எழுதிவிடாதீர்கள், பிள்ளைகளுக்கென்று தனி டிரஸ்ட் அமைத்து அதன் வழியாகக் கொடுப்பதைப் பற்றி வக்கீலிடம் கேளுங்கள்.

10. நீங்கள் படுத்துவிட்டால்

போன வருடம் எனக்கு டெங்கு, ஆறு நாள் மருத்துவமனை. என் மாமியார் நல்லவர், பிள்ளைகள் மேல் உயிர். ஆனால் மகன் வெள்ளைச் சாதத்தில் குழம்பு பட்டால் தொடமாட்டான் என்பதோ, மகளுக்கு இரவு மருந்து எத்தனை மில்லி என்பதோ அவருக்குத் தெரியாது. எல்லாம் என் தலைக்குள் இருந்தது. டிரிப்ஸ் ஏறிய கையோடு போனில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பிள்ளைக்கு ஒரு தாள் என்று எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மருந்தின் பெயர், அளவு, நேரம். என்ன சாப்பிடுவார்கள், எந்தத் தட்டில். எதற்குப் பயம், பயந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யவே கூடாது. வாசல் தாழ்ப்பாள் எப்போதும் மேல்தாழ். தொலைந்தால் முதலில் தேட வேண்டிய இடம்: அவன் என்றால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம், அவள் என்றால் மேல்மாடி. பக்கத்து வீட்டு எண், தெரபிஸ்ட் எண், மருத்துவர் எண். நீல ஃபைலும் சிவப்பு ஃபைலும் எந்த அலமாரியில் என்று கடைசி வரி. அதன் ஒரு நகல் மாமியாரின் பர்ஸில், ஒன்று பக்கத்து வீட்டில், ஒன்று அவர்கள் அப்பாவின் போனில். மருந்து மாறும் அன்றே தாளையும் மாற்றி எழுதுகிறேன்.